நாயின் பூர்வீகம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

'அற்றுப்போன டயர் ஓநாய் திரும்பி வந்துவிட்டது' என்ற அறிவிப்போடு, மரபணு திருத்திப் பிறந்த வெள்ளை ஓநாய்க் குட்டிகளின் படம் 2025 ஏப்ரலில் உலகைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துவிட்டு "நம் வீட்டு நாயின் முப்பாட்டன் திரும்பி வந்துவிட்டான்" என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு பிழைகள் ஆகிவிடும். அந்தக் குட்டிகள் டயர் ஓநாய்கள் அல்ல; டயர் ஓநாய் நாயின் மூதாதையும் அல்ல. (வண்டி டயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'கொடிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் இப்படி வந்து நிற்கிறது.)

டயர் ஓநாய் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்து, கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் அற்றுப்போன விலங்கு. லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க்குழிகளிலிருந்து மட்டும் 4,000க்கும் மேற்பட்ட டயர் ஓநாய்களின் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். எலும்பை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பருத்த சாம்பல் ஓநாய் போலத்தான் இருக்கும். அதனால் நெடுங்காலம் அதைச் சாம்பல் ஓநாயின் நெருங்கிய உறவாகவே எண்ணி 'கேனிஸ் டைரஸ்' என்று அழைத்தார்கள். 2021இல் ஐந்து எலும்புகளிலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்தபோது கதை மாறியது. இன்றைய ஓநாய் வகைகளின் கிளையிலிருந்து இது சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. 1918இல் தொல்லுயிரியலாளர் மெரியம் சூட்டிய 'ஏனோசயான்' என்ற பேரினப் பெயருக்கு (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு) மறுவாழ்வு கிடைத்தது அதற்குப் பிறகுதான். நாயோ யூரேசியாவில் உருவானது. அமெரிக்காவுக்கு அது மனிதர்களோடு வந்து இறங்கியபோதே நாயாகத்தான் இருந்தது.

2025 குட்டிகளின் விவரம் இது: அமெரிக்காவின் கொலோசல் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் சாம்பல் ஓநாயின் செல்லை எடுத்து, 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, கருவை வளர்ப்பு நாய்களின் வயிற்றில் வளர்த்தது. சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 240 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் உண்டு. அதில் இருபது இடங்களில்தான் கை வைத்திருக்கிறார்கள். 'மரபணு திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்' என்று எழுதுவதே சரி.

"நாய் ஓநாயிலிருந்து வந்தது" என்பதிலும் கவனம் தேவை. வாக்கியம் சரி, ஆனால் இன்றைக்குக் காட்டில் திரியும் ஓநாயைக் காட்டி அப்படிச் சொன்னால் தவறு. இன்றைய ஓநாயும் நாயும் பங்காளிகள். இரண்டுக்கும் பொதுவான பழைய ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது. 2022இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வில், நாய்கள் மேற்கு ஐரோப்பாவைவிடச் சைபீரியப் பக்கத்துப் பழைய ஓநாய்களுக்கு நெருக்கமாக இருந்தன. ஆனால் அந்த 72இல் எதுவுமே நேரடி மூதாதை இல்லை. மேற்காசிய, ஆப்பிரிக்க நாய்களில் இன்னொரு ஓநாய்க் கூட்டத்தின் பங்கும் கலந்திருந்தது. ஆகவே "நாய் பிறந்தது இந்த ஊரில்தான்" என்று கைகாட்டும் தலைப்பு வேண்டாம்.

அதிகம் குழம்புவது ஆண்டுக் கணக்கில். ஒரு கட்டுரையில் 1,35,000 ஆண்டுகள், இன்னொன்றில் 36,000, வேறொன்றில் 14,000 என்று இருக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடை.

1,35,000 என்பது 1997இல் தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்துப் போட்ட கணக்கு. இந்தக் கணக்கில் நாய்க்கும் ஓநாய்க்கும் இடையிலான மரபணு வேறுபாடுகளின் எண்ணிக்கையை, மரபணு மாறும் வேகத்தால் வகுக்கிறார்கள். வேகத்தைப் பாதியாக வைத்தால் காலம் இரட்டிப்பாகும். வேகத்தைக் கூட்டினால் காலம் சுருங்கும். சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் கிடைத்த, சுமார் 35,000 ஆண்டு பழைய ஓநாய் எலும்பு ஒன்று 2015இல் வேகத்தைச் சரிபார்க்க உதவியது. அதன்படி நாயின் கிளை பிரிந்தது 27,000 முதல் 40,000 ஆண்டுகளுக்குள். அதுவும் கிளை பிரிந்த காலம்தான், பழக்கிய காலம் அல்ல. பிரிந்த கூட்டம் பல்லாயிரம் ஆண்டுகள் காட்டு ஓநாயாகவே அலைந்திருக்கலாம்.

36,000 என்பது பெல்ஜியத்தின் கோயே குகை மண்டையோட்டின் வயது. அதே மண்டையோட்டுக்குச் சில இடங்களில் 31,700 என்று இருப்பதைப் பார்த்து ஒன்று பொய் என்று நினைக்க வேண்டாம். சிறிய எண், கார்பன் காலக்கணிப்பு முறையில் நேரடியாக வந்தது. பெரியது, வளிமண்டலக் கார்பனின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டு திருத்தியது. திருத்திய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டியலில் இரண்டையும் கலந்தால் வரிசையே தலைகீழாகிவிடும். தவிர, கோயே விலங்கு நாயா என்பதே சர்ச்சை. அதன் தாய்வழி மரபு இன்றைய எந்த நாயிலும் இல்லை.

14,000 சொச்சம்தான் கெட்டியான சான்று. ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் 1914இல் கல்குவாரித் தொழிலாளர்கள் கண்ட புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. சாகும்போது குட்டிக்கு ஏறக்குறைய 28 வாரம். பல் எனாமலில் உள்ள வரித்தழும்புகளைப் பார்த்து, 19ஆம் வாரத்திலிருந்தே டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் கண்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த நோய் கண்ட குட்டி யாரும் பார்த்துக்கொள்ளாமல் அத்தனை வாரம் தாங்கியிருக்காது. மண்டையோட்டு அளவைவிட இந்தத் தழும்பு அதிகம் பேசுகிறது.

மண்டையோட்டு அளவை மட்டும் நம்புவது இன்னொரு சறுக்கல். முகவாய் குட்டையாக, பற்கள் நெருங்கி இருந்தால் 'நாய்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஓநாய்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. குட்டிகளில் இன்னும் குழப்பம். சைபீரியாவின் யாக்குட்டியாவில் 2018இல் உறைமண்ணிலிருந்து கிடைத்த 'டோகோர்' குட்டிக்கு 18,000 வயது. மீசை முடி வரை அப்படியே இருந்தது. நாயா ஓநாயா என்று சில ஆண்டுகள் இழுபறி. கடைசியில் மரபணு ஓநாய் என்றது.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பெயரில் 'நாய்' இருப்பதால் செந்நாயை நாயின் முன்னோர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். முதுமலைக் காட்டில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாய் வேறு பேரினம். நம் தெருநாயோடு அதற்கு அந்த உறவு இல்லை.

நிறத்தையும் கிடைத்த இடத்தையும் வைத்து முடிவுகட்டுவதும் ஒரு சறுக்கல்தான். சைபீரியாவின் துமத் கிராமத்துக்கு அருகே 2011இலும் 2015இலும் கிடைத்த குட்டிகளை நாய் என்று நினைத்ததற்கு இரண்டு காரணங்கள்: ரோமம் கறுப்பு, பக்கத்தில் மனிதர் வெட்டிச் சுட்ட மாமத யானை எலும்புகள். 2025இல் வெளியான ஆய்வு அவற்றை ஓநாய்ச் சகோதரிகள் என்றது. ஒன்றின் வயிற்றில் செரிக்காமல் இருந்தது கம்பளிக் காண்டாமிருகத்தின் தோல். மாமத இறைச்சியின் சுவடே இல்லை; அதாவது அந்த மனிதர்கள் இரை கொடுத்து வளர்த்ததற்குத் தடயம் இல்லை.