பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றின் தேர்தல் வரலாற்றை எழுதுவது எப்படி? பாட்டர்சியை முன்வைத்து ஒரு வழிகாட்டல்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர் முதலில் தேடுவது, அங்கே வென்றவர்களின் பட்டியலைத்தான். ஆண்டு, பெயர், கட்சி, வாக்கு வித்தியாசம் ஆகியவை அதில் இருக்கும். அவற்றை வாக்கியங்களாக விரித்துவிட்டால் வரலாறு ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலைக் கடைசியாகக் கையில் எடுப்பதே நல்லது. தொகுதியின் எல்லை என்ன, அங்கே யாருக்கு வாக்குரிமை இருந்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்ற மூன்றும் தெரியாமல் அதைப் படித்தால், அது தவறான கதையைச் சொல்லும். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள பாட்டர்சியை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். தொழிற்சாலைகளும் ரயில் பணிமனைகளும் நிறைந்திருந்த அந்தத் தொழிலாளர் பகுதி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எல்லா வகை அரசியலையும் கண்டிருப்பதால், பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

முதல் வேலை, தொகுதியின் பிறப்பையும் பிரிவினைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது. 1885 வரை பாட்டர்சிக்குத் தனித் தொகுதி கிடையாது. அது சர்ரே மாவட்டத் தொகுதிகளுக்குள் அடங்கியிருந்தது. அந்த ஆண்டின் தொகுதி மறுபங்கீட்டுச் சட்டம் நாட்டின் பெரும்பகுதியை ஓர் உறுப்பினர் தொகுதிகளாகப் பிரித்தபோது பாட்டர்சி தனி இடம் பெற்றது. 1918இல் அது பாட்டர்சி வடக்கு, பாட்டர்சி தெற்கு என இரண்டாயிற்று. 1983இல் வடக்குத் தொகுதியும் தெற்குத் தொகுதியின் பெரும்பகுதியும் இணைந்து மீண்டும் ஒரே பாட்டர்சி ஆயின. ஆகவே 1885இன் பாட்டர்சியும் 1983இன் பாட்டர்சியும் பெயரால் ஒன்றே தவிர, பரப்பால் ஒன்றல்ல. இந்தக் குறிப்பு இல்லாதவர், வடக்குத் தொகுதியில் 1946 முதல் 1983 வரை உறுப்பினராக இருந்த டக்ளஸ் ஜேயிடமிருந்து ஆல்ஃப் டப்ஸ் இடத்தைப் பெற்றார் என்று எழுதிவிடுவார். உண்மையில் டப்ஸ் 1979இலேயே தெற்குத் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்றிருந்தவர். 1983இல் அவர் நின்றது புதிய தொகுதியில். மறுவரையறைக்குப் பிந்தைய முதல் தேர்தலில் ஒரு கட்சி தொகுதியைத் தக்கவைத்தது என்றோ பறிகொடுத்தது என்றோ எழுதுவதற்கு முன், பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் பொருத்தி ஆய்வாளர்கள் கணிக்கும் உத்தேச முடிவைப் பார்க்க வேண்டும். அது கணிப்பு என்பதை வாசகருக்குச் சொல்லவும் வேண்டும்.

எல்லை மாற்றங்களுக்கு எல்லை ஆணையத்தின் அறிக்கைகளே முதன்மைச் சான்று. நிரந்தர ஆணையங்கள் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தவை. அதற்கு முற்பட்ட மாற்றங்களை அந்தந்தச் சட்டங்களின் அட்டவணைகளில் தேட வேண்டும். 2024 தேர்தலுக்கான மறுவரையறையில், விதிவிலக்கு பெற்ற சில தொகுதிகள் நீங்கலாக, ஒவ்வொரு தொகுதியிலும் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. அந்த மறுவரையறையில் உருவான ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில்தான் ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உமா குமரன் தொழிற்கட்சி சார்பில் வென்றார். அந்தத் தொகுதியைப் பற்றி எழுதுபவர் 2024இல் தொடங்கினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நியூஹாம், டவர் ஹாம்லெட்ஸ் பகுதிகளின் பழைய தொகுதிகளுக்குள் சென்றால்தான் எழுதுவதற்கு ஏதாவது கிடைக்கும்.

அடுத்து வாக்குரிமை. 1872க்கு முன் வாக்களிப்பு வெளிப்படையானது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அச்சிட்ட பதிவேடுகளாகவே வெளிவந்தது. பழைமையான தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டவருக்கு அவை பெரும் புதையல். பாட்டர்சி ரகசிய வாக்கெடுப்பு வந்த பிறகு தோன்றிய தொகுதி என்பதால் அந்த வசதி இங்கே இல்லை. 1918இல் 21 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரும், சொத்துத் தகுதியுடைய 30 வயது நிரம்பிய பெண்களும் வாக்காளர்கள் ஆயினர். 1928இல் பெண்களுக்கும் வயது 21 ஆனது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதை 18 ஆக்கியது. இந்த ஆண்டுகளின் இரு புறமும் உள்ள வாக்கு எண்ணிக்கைகளை நேராக ஒப்பிடக் கூடாது. சதவீதங்களை ஒப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். தேதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 1918க்கு முன் பொதுத்தேர்தல் ஒரே நாளில் நடக்கவில்லை. தொகுதிக்குத் தொகுதி வாக்குப்பதிவு நாள் மாறியது. நாடு முழுவதற்குமான தேதியை எடுத்துத் தொகுதிக்குப் போட்டுவிடக் கூடாது.

கட்சிப் பெயர்களை நம்புவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சியைக் குறிப்பிட 1969ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. 1970க்கு முந்தைய பொதுத்தேர்தல் முடிவுகளில் பெயருக்கு எதிரே காணும் கட்சி, செய்தித்தாள்களையும் பிரசுரங்களையும் பார்த்துத் தொகுப்பாளர்கள் எழுதியது. ஆகவே ஒரே மனிதருக்கு இரண்டு தொகுப்புகளில் இரண்டு கட்சிகள் இருந்தால் வியப்பதற்கில்லை. 1889 துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் பர்ன்ஸ், 1892இல் பாட்டர்சியில் சுயேச்சைத் தொழிலாளர் பிரதிநிதியாக வென்றார். 1905இல் லிபரல் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1914இல் போரை எதிர்த்துப் பதவி விலகினார். 1892 முதல் 1918 வரை ஒரே பெயரை ஒரே நிறத்தில் காட்டும் அட்டவணை இந்தப் பயணத்தை மறைத்துவிடும். அவருடைய நிலைப்பாட்டை ஆண்டுவாரியாக அறிய நாடாளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்டு கைகொடுக்கும்.

இனி வாக்கு எண்ணிக்கைகளைப் படிக்கும் முறை. பாட்டர்சி வடக்கின் 1922, 1923, 1924 தேர்தல்களை நிதானமாகப் பார்த்தால் மற்ற எந்தத் தொகுதியையும் படிக்கும் பழக்கம் வந்துவிடும். பம்பாய்ப் பார்சி குடும்பத்தில் பிறந்த, ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி மகனான ஷாபுர்ஜி சக்லத்வாலா, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்துகொண்டே 1922இல் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று 11,311 வாக்குகள் பெற்றார். லிபரல் கட்சியிலிருந்து பிரிந்த லாயிட் ஜார்ஜ் அணியான தேசிய லிபரல் சார்பில் நின்ற ஹாக்பின் 9,290 பெற்றார். வேறொரு லிபரலும் களத்தில் இருந்தார். 1923இல் சக்லத்வாலா 12,341 வாக்குகளுடன் தோற்றார். லிபரல் வேட்பாளராக நின்ற ஹாக்பின் 12,527 வாக்குகளுடன் வென்றார். வித்தியாசம் 186. 1924இல் சக்லத்வாலா வெளிப்படையாகவே கம்யூனிஸ்டாக நின்று 15,096 பெற, அரசியலமைப்புவாதி (கன்சர்வேடிவ் ஆதரவை நாடிய லிபரல்கள் சிலர் அப்போது சூட்டிக்கொண்ட பெயர்) என்ற அடையாளத்துடன் நின்ற ஹாக்பின் 14,554இல் நின்றுவிட்டார்.

வென்றவர் பட்டியலை மட்டும் படிப்பவர், 1923இல் மக்கள் சக்லத்வாலாவைக் கைவிட்டார்கள் என்று எழுதுவார். எண்கள் சொல்வதோ வேறு. அவருக்கு முந்தைய ஆண்டைவிட 1,030 வாக்குகள் கூடுதலாகவே கிடைத்தன. லிபரல் பிரிவுகள் ஒன்றுபட்டதால் போட்டி இருமுனையாகி, ஹாக்பினுக்கு 3,237 வாக்குகள் கூடின. 1924இல் இருவரும் சேர்ந்து பெற்ற வாக்குகள் முந்தைய தேர்தலைவிட 4,782 அதிகம். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு சக்லத்வாலாவுக்குச் சென்றது. நாடெங்கும் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலை வீசிய தேர்தலில் இது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு எண்களிடம் விடை இல்லை. அதற்கு உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் தொழிற்சங்கக் குழுவின் பதிவுகளையும் நாட வேண்டும். தேசியத் தலைமை கம்யூனிஸ்டுகளை வேட்பாளராக ஏற்க மறுத்த பிறகும் பாட்டர்சியின் தொழிற்கட்சிக் கிளை அவரோடு நின்றது என்பதும், 1913இல் பாட்டர்சி மேயரான கறுப்பினத்தவர் ஜான் ஆர்ச்சர் அவருக்குத் தேர்தல் முகவராகப் பணியாற்றினார் என்பதும் அங்கிருந்துதான் தெரியவரும். 1926இல் அந்தக் கிளையைத் தலைமை விலக்கியது. 1929இல் தொழிற்கட்சி தன் சொந்த வேட்பாளராக சாண்டர்ஸை நிறுத்த, சக்லத்வாலா மூன்றாம் இடத்துக்குப் போனார். அது இளம்பெண்கள் முதன்முறையாக வாக்களித்த பொதுத்தேர்தலும் ஆகும் என்பதால், 1924இன் எண்களோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது.

இடைத்தேர்தல்களுக்கு எப்போதும் காரணத்தை எழுதுங்கள். 1946இல் பாட்டர்சி வடக்கில் இடைத்தேர்தல் வந்தது, அதன் உறுப்பினர் பிரான்சிஸ் டக்ளஸ் மால்டாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டதால். அவரே 1940 இடைத்தேர்தலில் வென்றபோது, பெரிய கட்சிகள் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என்ற போர்க்கால உடன்பாடு நடப்பில் இருந்தது; அந்த வெற்றியின் அளவைச் செல்வாக்கின் அளவாகக் கொள்ளக் கூடாது. 1926க்கு முன், அமைச்சராகப் புதிதாக நியமிக்கப்படுபவர் தம் தொகுதியில் மறுபடி நின்று வெல்ல வேண்டிய நிலை பல பதவிகளுக்கு இருந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் 1908இல் மான்செஸ்டர் வடமேற்கில் இப்படித்தான் தோற்று, பிறகு டண்டீக்குப் போனார். இது தெரியாவிட்டால் அந்தக் காலத்துப் பட்டியல்களில் அடிக்கடி தலைகாட்டும் இடைத்தேர்தல்கள் புதிராகவே இருக்கும்.

அண்மைக் காலத்துக்கு வரும்போது தகவல் பெருகும், பொறுமை குறையும். பாட்டர்சியில் 1987இல் கன்சர்வேடிவ் கட்சியின் ஜான் பௌவிஸ் 857 வாக்குகளில் டப்ஸை வென்றார். 2005இல் தொழிற்கட்சியின் மார்ட்டின் லின்டன் 163 வாக்குகளில் பிழைத்தார். 2010இல் ஜேன் எலிசன் மூலம் தொகுதி மீண்டும் கன்சர்வேடிவ் வசமாயிற்று. 2017இல் மார்ஷா டி கோர்டோவா 2,416 வாக்குகளில் அதைத் தொழிற்கட்சிக்கு மீட்டார். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நாடு தழுவிய அலையையே காரணமாகச் சொல்வது எளிது. பாட்டர்சியை உள்ளடக்கிய, 1978 முதல் 2022 வரை கன்சர்வேடிவ் கையில் இருந்த வாண்ட்ஸ்வொர்த் நகரமன்றம் பொதுக் குடியிருப்புகளைத் தீவிரமாக விற்றதும், உள்ளூர் வரியைக் குறைவாக வைத்திருந்ததும், தொழிலாளர் வீடுகளில் வசதியான இளைஞர்கள் குடியேறியதும் இந்தத் தொகுதிக்கே உரிய காரணங்கள். அவற்றுக்கு நகரமன்றத் தேர்தல் முடிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2017 தேர்தலை விளக்க ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பைச் சுட்டுவது வழக்கம். வாண்ட்ஸ்வொர்த்தில் 75 சதவீதம் பேர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தது உண்மை. ஆனால் 2016இல் வாக்குகள் நகரமன்ற எல்லைப்படி எண்ணப்பட்டு அறிவிக்கப்பட்டன, தொகுதிப்படி அல்ல. வாண்ட்ஸ்வொர்த்துக்குள் அப்போது பாட்டர்சி, பட்னி, டூட்டிங் என மூன்று தொகுதிகள் இருந்தன. பாட்டர்சிக்கென்று யாரேனும் ஒரு சதவீதம் எழுதியிருந்தால், அது மதிப்பீடு என்ற குறிப்போடுதான் உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.