மால்டா கொடியில் பலரும் செய்யும் தவறுகள்

பாதி வெள்ளை, பாதி சிவப்பு, மேல் மூலையில் ஒரு சின்னச் சிலுவை. மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவின் தேசியக் கொடி அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிலுவையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, அதை மால்டா சிலுவை என்று நினைப்பது. மால்டா சிலுவைக்கு எட்டு முனைகள் உண்டு. 1530 முதல் 1798 வரை தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் சின்னம் அது. அந்நாட்டின் 1, 2 யூரோ நாணயங்களில் அதைப் பார்க்கலாம். மால்டாவில் பதிவான வணிகக் கப்பல்களின் கொடியிலும் அதுதான்: சிவப்புத் துணி, சுற்றிலும் வெள்ளைக் கரை, நடுவில் வெள்ளைச் சிலுவை. இந்தக் கப்பல் கொடியையே தேசியக் கொடி என்று எடுத்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

தேசியக் கொடியில் இருப்பது ஜார்ஜ் சிலுவை என்ற பிரிட்டிஷ் பதக்கத்தின் உருவம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் குதிரைமேல் புனித ஜார்ஜ், கீழே டிராகன், சுற்றிலும் 'வீரத்துக்காக' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள். பதக்கம் வெள்ளி என்பதால்தான் சாம்பல் நிறம். சாம்பலில் ஒரு கூட்டல் குறி போட்டு முடித்துவிட்டால் இவ்வளவும் போய்விடும்.

அது ராணுவத்துக்குக் கிடைத்த விருது என்று எழுதுவதும் சரியில்லை. எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை தனியாக இருக்கிறது. ஜார்ஜ் சிலுவையை 1940இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஏற்படுத்தியதே முக்கியமாகப் பொதுமக்களை மனத்தில் வைத்துத்தான். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மால்டா முற்றுகையில் சிக்கி, இத்தாலி, ஜெர்மனி விமானங்கள் ஓயாமல் குண்டு வீச, மக்கள் பாறையைக் குடைந்து அதற்குள் ஒண்டிக்கொண்டிருந்த காலம். 1942 ஏப்ரல் 15 அன்று அந்தத் தீவு முழுவதற்கும் சேர்த்து மன்னர் அதை அறிவித்தார். ஆகஸ்டில் தீவை நோக்கி வந்த 14 சரக்குக் கப்பல்களில் எதிரியின் தாக்குதலைத் தாண்டி 5தான் கரை சேர்ந்தன. செப்டம்பர் 13 அன்று, தலைநகர் வாலெட்டாவில் இடிபாடுகள் சூழ்ந்த சதுக்கத்தில் மக்கள் சார்பில் தலைமை நீதிபதி பதக்கத்தை வாங்கிக்கொண்டார். கொடியை வரைகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் சிலுவைக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் ஒதுக்குவார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம், முற்றுகைக்காலக் கட்டுரைகளில் இன்றைய கொடியைப் போடாதீர்கள். கொடியில் சிலுவை ஏறியது 1943இல். அப்போது அதற்குப் பின்னால் நீலக் கட்டம் இருந்தது. 1964 செப்டம்பர் 21, விடுதலை நாளில்தான் நீலம் போய், சிலுவையைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஓரம் வந்தது. சின்னப் படங்களில் முதலில் காணாமல் போவது இந்த ஓரம்தான். அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவே அதைக் குறிப்பிடுகிறது. கம்பத்தை ஒட்டி வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

1091இல் சிசிலியை ஆண்ட நார்மானிய ரோஜர் பிரபு தன் கொடியிலிருந்து கிழித்துக் கொடுத்த துணியால்தான் இந்த நிறங்கள் வந்தன என்பார்கள். கேட்க அழகான கதை. ஆனால் அது பிற்காலத்து மரபுக்கதை. வரலாறாக எழுதக் கூடாது.

இந்தச் சிலுவை ஆங்கிலேயர் விட்டுப்போன அடையாளம் என்று ஒரே வரியில் ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1974இல் மால்டா குடியரசாகி, பிரிட்டிஷ் அரசியைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. சிலுவையை எடுக்கவில்லை.