கேரவனில் மீன் கெடாமல் இருக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே கரையோரமாகக் கேரவனில் போகிற கணவன் மனைவிக்கு மீன் கெட்டுப்போவது பெரும்பாலும் பிரிட்ஜால்தான், பழியை வெயில் சுமக்கிறது. கேஸில் ஓடும் பிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அமோனியாக் கரைசல் தானாக வழிந்து இறங்கினால்தான் குளிரும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைபடும். எனவே நிறுத்தியதும் மட்டம் பார்த்துவிட்டே பற்றவையுங்கள். முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் குளிரவிடுவது நல்லது. வண்டி பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம், ஏற்கெனவே உள்ள குளிரைக் காக்க மட்டுமே. எஞ்சின் நின்ற பிறகும் ஓடவிட்டால் பேட்டரி காலி.

மீனைத் தனி ஐஸ் பெட்டியில் வைத்து, உருகும் நீரை வடித்துக்கொண்டே இருங்கள். அதில் ஊறினால் சதை குழைந்துவிடும். இருவருக்கு அரைக் கிலோ போதும். புளிக்குழம்பு கெட்டியான பிறகே துண்டுகளைப் போட்டு, கரண்டி படாமல் 8 முதல் 10 நிமிடம் வேகவிடுங்கள். அடுப்பு வெளியில்தான் இருக்க வேண்டும். உள்ளே சமைத்தால் மெத்தையெல்லாம் கவிச்சி. குடல், செதிலை உடனே மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், குரங்குகள் காத்திருக்கும்!

சொந்தமாக ஷாட் (shad) என்னும் கடல் மீனைப் பிடிப்பதானால் பெர்மிட் வேண்டும். அக்டோபர், நவம்பரில் தடை. மற்ற மாதங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 மீன், 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.