‘நெக்லிஹென்சியா’ என்னும் ஸ்பானியச் சொல்லைப் பொருளறிந்து ஆளும் முறை

செய்தே தீர வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டு, தவிர்த்திருக்கக்கூடிய தீங்குக்கு வழிவிடும் அலட்சியத்தை ஸ்பானிய மொழியில் ‘நெக்லிஹென்சியா’ என்பார்கள். இது பெண்பாற் பெயர்ச்சொல். ‘ஹென்’ என்னும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதைக் ‘கவனக்குறைவு’ என்று பெயர்த்தால் போதாது. கை பட்டுக் காப்பிக் கோப்பை கவிழ்ந்து மேசைவிரிப்பு நனைந்தால் அது ‘தெஸ்குய்தோ’, அதாவது கவனக்குறைவு மட்டுமே. நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தும், அதைத் திறந்துகூடப் பாராமல் அந்த ஊசியைப் போட்டால், அதுதான் நெக்லிஹென்சியா. இதன் லத்தீன் மூலத்திலுள்ள ‘லெகெரே’ என்னும் வினைக்குப் பொறுக்கி எடுத்தல், வாசித்தல் என்னும் இரு பொருளும் உண்டு; முன்னால் வரும் ‘நெக்’ அதை எதிர்மறையாக்குகிறது. வாசிக்கப்படாத அந்தக் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

‘இம்புருதென்சியா’ என்பதையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மழையில் வழுக்கும் வளைவில் வண்டியை விரட்டுவது, செய்யக்கூடாததைச் செய்யும் இம்புருதென்சியா. தேய்ந்த பிரேக்கை மாற்றாமலே வண்டியை எடுப்பது, செய்ய வேண்டியதைச் செய்யாத நெக்லிஹென்சியா. அர்ஜென்டினாவின் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் இவ்விரண்டையும், தொழில்திறன் இன்மையைக் குறிக்கும் ‘இம்பெரிசியா’வையும் தனித்தனியே சொல்கிறது. ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமோ, அலட்சியத்தால் நேரும் மரணத்தையும் இம்புருதென்சியா என்றே குறிப்பிடுகிறது. ஆகவே சட்ட ஆவணத்தைப் பெயர்ப்பவர்கள் அது எந்த நாட்டுடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாக்கியத்தில் இச்சொல்லோடு ‘கொமெதெர்’ (இழைத்தல்) என்னும் வினை வரும். காரணத்தைச் சொல்ல ‘போர்’ (‘ஆல்’ என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்) முன்னால் நிற்கும்: ‘முரியோ போர் நெக்லிஹென்சியா மெதிகா’ என்றால், மருத்துவ அலட்சியத்தால் இறந்தார் என்று பொருள். அலட்சியம் செய்தவர் ‘நெக்லிஹென்தே’.

வேண்டுமென்றே செய்த தீங்குக்கு இச்சொல்லை ஒருபோதும் ஆளாதீர்கள். அதற்குச் சட்ட வழக்கில் ‘தோலோ’ என்னும் சொல் உண்டு. நெக்லிஹென்சியா ஒருவர்மீது பழி சுமத்தும் சொல்லும்கூட. அதனால் தீர்ப்பு வரும்வரை ‘பிரெசுந்தா நெக்லிஹென்சியா’, அதாவது அலட்சியம் எனக் கூறப்படுவது, என்றே எழுத வேண்டும்.