பழைய செம்பு, பித்தளை விற்கப் போகிறீர்களா? பினாங்கில் முறையாகச் செய்வது இப்படி

வீட்டைப் புதுப்பித்தால் பழைய குழாய், வயர், ஜன்னல் கம்பி என்று ஒரு மூட்டை சேர்ந்துவிடும். அதை விற்றுக் காசாக்குவதில் தவறே இல்லை. ஆனால் இதே பினாங்கில்தான் பித்தளை வாட்டர் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், கால்வாயின் இரும்பு மூடி காணாமல் போகிறது. எதைக் கொண்டுபோனாலும் கேள்வி கேட்காமல் வாங்க ஒரு கடை இருப்பதுதான் திருடனுக்குத் துணிச்சல். அந்தக் கடைக்கு நாம் போகாமல் இருக்க வேண்டும்.

1. வகை பிரியுங்கள்

ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் சிவந்திருந்தால் செம்பு, மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெளுத்து லேசாக இருந்தால் அலுமினியம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும்.

வயரை மட்டும் எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். அது மட்டுமல்ல, மேலுறை போய்விட்டால் எந்த வயர், யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கேபிள் திருடுபவர்கள் எரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வயர் அப்படித் தோன்ற வேண்டாம்.

2. இவற்றைத் தொடாதீர்கள்

வாட்டர் மீட்டர், தெனாகா மின்சாரக் கேபிள், தொலைபேசி கேபிள், கால்வாய் மூடி, சாலைத் தடுப்புக் கம்பி. ரோட்டோரம் அனாதையாகக் கிடந்தாலும் அவை உங்களுடையவை அல்ல.

3. கடையைப் பாருங்கள்

பழைய பொருள் வாங்கி விற்பவருக்கு 1946ஆம் ஆண்டின் பழைய பொருள் வியாபாரிகள் சட்டம், அதாவது அக்தா (சட்டம்) 189, பொருந்தும். அதற்கான உரிமத்தைக் கொடுப்பது போலீஸ். எதை வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று அவர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று மைக்கில் கூவிக்கொண்டு தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், வரும் லோரிக்காரரிடமும் உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. விற்கும் நாளில்

அடையாள அட்டையான மைகார்டைக் கொண்டுபோங்கள். கொடுப்பதற்கு முன் பொருளைப் போட்டோ எடுங்கள். தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா பாருங்கள், வகைவாரியாக நிறுக்கச் சொல்லுங்கள். செம்பு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும், அதனால் இரண்டு கடையில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரசீது கட்டாயம். "ரசீது வேண்டாம், கிலோவுக்குக் கூடப் போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கோயில் குத்துவிளக்கு, மணி, அண்டா என்றால் நிர்வாகக் குழு எடுத்த தீர்மானத்தின் நகலும் கடிதமும் கூடவே போக வேண்டும். தனி ஆளாக ஒருவர் கோயில் பித்தளையைத் தூக்கிக்கொண்டு போவது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சரியல்ல.

இவ்வளவு ஏன் என்றால், தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் திருடியவருக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கு 411ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை.

5. உங்கள் பொருளே திருடு போனால்

அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள். பொருளின் பழைய போட்டோ, எடை, கீறல், பொறித்த பெயர் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். மீட்டர் போயிருந்தால், புகார் நகலோடு தண்ணீர் விநியோக நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள்.