தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்து அரசர் முதலாம் சார்லஸைத் தோற்கடித்தவர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் (1612–1671). இவரைப் பற்றிய கட்டுரைகளில் வரும் பிழைகளில் பல ஒரே காரணத்தால் வருபவை. சம்பவம் நடந்த தேதியில் இவருக்கு என்ன பெயர், என்ன பதவி என்று பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள்.

முதலில் பெயர். பழைய ஆவணத்தில் 'ஃபேர்ஃபாக்ஸ் பிரபு' என்று கண்டதும் இவர்தான் என்று முடிவு கட்டக் கூடாது. 1627-ல் வந்த அந்தப் பட்டம் முதலில் தாத்தா தாமஸிடம் இருந்தது. 1640-ல் அப்பா ஃபெர்டினாண்டோவுக்குப் போனது. 1648 மார்ச்சில் அப்பா இறந்த பிறகுதான் மகன் கைக்கு வந்தது. அதுவரை இவர் வெறும் 'சர் தாமஸ்'. 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போரில் அப்பா, மகன் இருவருமே இருந்ததால் குழப்பம் இங்கேதான் அதிகம். காலாட்படையோடு நின்று, தோல்வி என்று நினைத்துக் களத்தை விட்டு ஓடிய 'பிரபு' அப்பா. மகன் வலதுபுறக் குதிரைப்படையை நடத்தினார். அந்தப் பக்கம் சிதறியதும், தொப்பியில் செருகியிருந்த தம் தரப்பின் வெள்ளை அடையாளத்தை எடுத்துவிட்டு, எதிரிகளுக்கு நடுவிலேயே குதிரையை ஓட்டி இடதுபுறக் குதிரைப்படையை நடத்திய ஆலிவர் கிராம்வெல்லிடம் போய்ச் சேர்ந்தார்.

பிரபு என்றால் பிரபுக்கள் சபையில் இடம் இருக்கும் என்று எழுதுவது அடுத்த தவறு. குடும்பம் யார்க்‌ஷயரைச் சேர்ந்தது என்றாலும் பட்டம் ஸ்காட்லாந்துப் பட்டம். அது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் இடம் தராது. அதனால்தான் ஃபெர்டினாண்டோ பட்டம் வந்த பிறகும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அவையான காமன்ஸ் சபையில் யார்க்‌ஷயர் உறுப்பினராக உட்கார முடிந்தது. 1645 ஏப்ரலில் இரு சபை உறுப்பினர்களும் 40 நாளுக்குள் படைப் பதவியை விட வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, சர் தாமஸ் எந்தச் சபையிலும் இல்லை. இவரைத் தளபதியாக்க முடிந்ததற்கு வீரத்தோடு இந்தத் தகுதியும் ஒரு காரணம். பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

தேதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதப்பட்ட காகிதங்களில் பெரும்பாலும் ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும். நான்ட்விச்சில் இவர் வென்றது நம் கணக்கில் 1644 ஜனவரி 25, அவர்கள் கணக்கில் 1643. அட்வால்ட்டன் மூரில் அப்பாவும் மகனும் தோற்றது 1643 ஜூன் 30. ஆவணத்தை அப்படியே நகலெடுத்தால் நான்ட்விச் வெற்றி, அட்வால்ட்டன் தோல்விக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அரசரின் மரண ஆணையிலும் 1648 ஜனவரி 29 என்றுதான் இருக்கிறது. ஆண்டை மட்டும் திருத்துங்கள், நாளைத் தொட வேண்டாம். ஐரோப்பிய நாட்காட்டி 10 நாள் முன்னால் ஓடியது. அதையும் கூட்டினால் ஆங்கில நூல்கள் எதனோடும் ஒத்துவராது.

நாடாளுமன்றம் புதிதாக அமைத்த நியூ மாடல் ஆர்மியை 'கிராம்வெல்லின் படை' என்று எழுதுவது பழகிப்போன தவறு. 1645-ல் திட்டமிட்ட அளவு 22,000 பேர்: 600 பேர் கொண்ட 11 குதிரைப் படைப்பிரிவுகள், 1,200 பேர் கொண்ட 12 காலாட்படைப் பிரிவுகள், 1,000 டிரகூன்கள் (குதிரையில் வந்து, இறங்கி நின்று போரிடும் வீரர்கள்). தலைமை ஃபேர்ஃபாக்ஸ். கிராம்வெல் காமன்ஸ் உறுப்பினர். அவருக்கு விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஜூன் 14 நேஸ்பி போருக்கு முந்தைய நாள்தான் அவர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். குதிரைப்படைக்கு அவர் தலைவர், மொத்தப் படைக்கும் ஃபேர்ஃபாக்ஸ் தலைவர்.

அரசரின் விசாரணை பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உலவுகின்றன. ஒன்று, இவரை அரசரைக் கொன்றவர்களில் சேர்ப்பது. அரசரை விசாரிக்க நியமித்த 135 ஆணையர்களின் பட்டியலில் முதல் பெயர் இவருடையதுதான். ஆனால் 1649 ஜனவரி 8-ல் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்கு மட்டும் வந்துவிட்டு, பிறகு வரவே இல்லை. ஜனவரி 20 அன்று மன்றத்தில் இவர் பெயரை அழைத்ததும், 'இங்கே வரும் அளவுக்கு அவர் அறிவில்லாதவர் அல்ல' என்ற பொருளில் மேல்மாடத்திலிருந்து குரல் கொடுத்தவர் இவர் மனைவி ஆன். மரண ஆணையில் கையெழுத்திட்ட 59 பேரில் இவர் இல்லை.

மற்றொன்று, அதை வைத்து இவரை இளகிய மனதுக்காரராக்குவது. 1648 கோடையில் கோல்செஸ்டரை 11 வாரம் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு வீழ்த்தினார். ஆகஸ்ட் 28 அன்று சரணடைந்த அரசர் தரப்புத் தளபதிகள் லூகாஸ், லைல் இருவரையும் அன்றே சுட்டுக் கொல்ல வைத்தார். சரண் நிபந்தனைப்படி அதிகாரிகளின் உயிர் இவர் கையில் இருந்தது. தன் முடிவை நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் நியாயப்படுத்தவும் செய்தார். இவர் ஓய்வில் எழுதிய நினைவுக்குறிப்பு, படையின் அரசியல் செயல்களில் தனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்கிறது. 1660-ல் அரசாட்சி திரும்பிய பின் எழுதப்பட்ட தற்காப்பு அது என்பதை மனதில் வைத்தே மேற்கோள் காட்ட வேண்டும்.

அரசர் கொல்லப்பட்டதால் பதவி விலகினார் என்பதும் சரியல்ல. அதற்குப் பின் 17 மாதம் தலைமைத் தளபதியாகவே நீடித்தார். 1650 ஜூனில் விலகியது, ஸ்காட்லாந்து மீது நாமாகப் படையெடுக்கக் கூடாது என்ற காரணத்தால். அவர்கள் வந்தால் எதிர்ப்பேன் என்றார். பதவியில் நீடிக்கச் சொல்லி வற்புறுத்தப் போன குழுவில் கிராம்வெல்லும் இருந்தார்.

அதோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் 1660-ஐத் தவறவிடுகிறார்கள். அந்த ஜனவரியில் யார்க்கைப் பிடித்து, ஸ்காட்லாந்தில் இருந்த படைத் தளபதி ஜார்ஜ் மங்க் தெற்கே வர வழி திறந்துவிட்டவர் இவர். மே மாதம் ஹேகுக்குச் சென்று, கொல்லப்பட்ட அரசரின் மகன் இரண்டாம் சார்லஸை அரசராகத் திரும்பி வர அழைத்த குழுவிலும் இருந்தார்.

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற மாவட்டம் இவர் பெயரில் இல்லை. அது 1693-ல் பிறந்த ஆறாவது பிரபுவின் பெயர். அவர் இவருடைய நேர் வாரிசும் அல்ல. இவருக்கு மகன் இல்லாததால் பட்டம் உறவினர் ஹென்றிக்குப் போய்விட்டது.