மரச்சட்ட வீட்டில் எது பழசு, எது பிறகு சேர்த்தது? கண்டுபிடிப்பது எப்படி

இங்கிலாந்தின் செஷயரில் லிட்டில் மோர்டன் ஹாலுக்குப் போனால் உடனே உள்ளே நுழையாதீர்கள், முதலில் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். 1500களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய ஓக் மரச்சட்ட வீடு அது. பிறகு தெற்குப் பகுதியின் உச்சியில் நீண்ட கூடம் ஒன்றை ஏற்றி, கனமான கல் பலகைகளால் கூரை வேய்ந்தார்கள், அந்தப் பாரத்தில் கீழே உள்ள சட்டங்கள் வளைந்தே போய்விட்டன.

அப்புறம் முற்றத்தில் பிதுங்கி நிற்கும் ஜன்னல்கள். 1559 என்ற ஆண்டும் ரிச்சர்ட் டேல் என்ற தச்சரின் பெயரும் மரத்திலேயே செதுக்கியிருக்கும். வேலை செய்தவர் பெயர் இப்படி நிலைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக மூட்டுகள், அதாவது இரண்டு மரச்சட்டங்கள் இணையும் இடங்கள். பழைய மூட்டில் மர முளை, அதாவது மரத்தாலான ஆணி, அடித்திருப்பார்கள். எதுவும் பொருந்தாத வெறும் துளை தெரிந்தால் நில்லுங்கள், அங்கே முன்பு வேறொரு சட்டம் இருந்திருக்கலாம்.